நடேசய்யரும் மலைநாட்டு வினைவலரும்

தொல்காப்பியத்து அகத்திணையியலிலே அடியோர், வினைவலர் என்னும் இரு பெயர்கள் வருகின்றன. பிறருக்கு அடிமைப்பட்டு நிற்போர் அடியோர். பிறர் ஏவிய தொழிலைச் செய்வோர் வினைவலர். இவ்விரு சாராரும் அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்களாதல் இல்லை. அவர்களுக்குரிய இடம் புறத்தே நிற்கும் கைக்கிளையும் பெருந்திணையுமே என்பது உரையாசிரியர்கள் கொண்ட கருத்து. இப்பகுதியை யான் பல்லாண்டுகளாக மாணவர்க்கு ஓதி வருகின்றேன். சில மாதங்களுக்கு முன்னர், இராகலையில், கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பிறந்த மாணவி ஒருத்தி எழுந்து, அவ்வினைவலர் தம்மைப் பற்றித் தாமே சொல்லியது ஒன்றும் கிடைக்கவில்லையா என்று வினவினாள். உரை நூல்களில் அவ்வினாவுக்கு விடையில்லை. அன்று யான் மழுப்பியே விடை கூறினேன். இக்கட்டுரை அம்மாணவிக்கு யான் பட்ட கடனை ஓரளவு தீர்ப்பதற்கு எழுதப்படுவது.

அவள் வினவிய அதே வினாவை மேனாட்டார் வேறொரு வழியாக வந்து வினவியுள்ளனர். இத்தாலி நாட்டுச் சார்டினியாத் தீவிலே 1891ஆம் ஆண்டு பிறந்த அந்தோனியோ கிராம்சி என்பார், முசோலினியின் ஆட்சியில் 1926ஆம் ஆண்டு சிறைப்பட்டு, அங்கிருந்தவாறே குறிப்பேடுகள் பல எழுதினார். 1934ஆம் ஆண்டளவில் எழுதிய ஒரு குறிப்பேட்டை அவர் சமூகத்தின் கீழ்ப்படியில் நிற்கும் வகுப்பாரின் வரலாற்றுக்கென்றே ஒதுக்கினார். ஆள்வோரின் வரலாறு தொடர்ச்சியுடையது. ஆளப்படுவோரின் வரலாறோ துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பது. ஆதலால் அவர்கள் தாமாக எழுந்து செய்த சிறு முயற்சியின் சுவடும் வரலாற்றாசிரியனுக்குப் பொன்னினும் அரியது என்பது அவர் கருத்தின் சாரம். இக்கருத்தை 1982ஆம் ஆண்டு முதல் ரணஜித் குகாவும் அவரோடு சேர்ந்த அறிஞரும் இந்திய வரலாற்றுக்குப் பொருத்திப் பார்க்கலாயினர். தமிழில் இத்துறையை அடித்தள மக்கள் ஆய்வு என்றும் விளிம்புநிலை ஆய்வு என்றும் வழங்குகின்றோம்.

ஐரோப்பாவின் ஆலைத் தொழிலாளரையும் இத்தாலியின் உழவரையும் நோக்கி எழுந்த கோட்பாடு, நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பொருந்துமா? பொருந்துமாயின் எவ்வளவு பொருந்தும்? இவ்வினாவை ஏட்டளவில் நின்று ஆராய்வதினும், அத்தகைய கருத்துகளைத் தாமே மலையேற்றிக் கொண்டு வந்து, வாழ்நாள் முழுவதும் அவற்றோடு மல்லுக்கு நின்ற ஒரு பெருமகனாரின் வாழ்க்கையை வைத்து ஆராய்தல் நலம். அவரே தேசபக்தன் கோ. நடேசய்யர்.

தஞ்சைத் தரணியிலே அந்தணர் குடியிற் பிறந்த நடேசய்யர், தொடக்கத்தில் வணிகத்துறையை நாடியவர். ‘வர்த்தகமித்திரன்’ என்னும் பத்திரிகையைத் தஞ்சையில் நடத்தினார். கணக்குப் பதிவு முதலான வணிகப் பொருள்கள் பற்றித் தமிழிலே நூல்கள் செய்தார். இது சிறு செய்தி போலத் தோன்றினும் அவர் வாழ்க்கையை விளங்கிக் கொள்வதற்கு இன்றியமையாதது. பின்னாளில் அவர் எதிர்கொண்ட தோட்டத் தொழிலாளியின் துன்பம், பெரும்பகுதி ஒரு கணக்கின் துன்பமாகவே இருந்தது.

முதல் உலகப் போர் முடிந்த காலத்தை அடுத்து அவர் தம் பத்திரிகைப் பணியின் பொருட்டு இலங்கை வந்தார். வந்தவர் தலைநகரின் வணிகரோடு நின்றுவிடவில்லை. மலைநாட்டுத் தோட்டங்களிலே பல இலட்சம் தமிழ் மக்கள் வாழும் செய்தி அவரை ஈர்த்தது. அக்காலத்தில் தோட்ட எல்லைக்குள் அயலார் நுழைதல் எளிதன்று. அத்துமீறிப் புகுந்தார் என்று வழக்குத் தொடரத் துரைமாருக்குச் சட்டம் துணை நின்றது. ஆகவே, புடைவை விற்கும் வணிகர் போல மூட்டை சுமந்து அவர் லயங்களுக்குட் சென்றார் என்பது மலைநாட்டில் வழிவழியாக வழங்கிவரும் செய்தி. புடைவை வணிகனுக்கு மட்டும் லயத்தின் வாயில் திறந்திருந்தது. ஏனெனில் அவனும் கடன் கொடுப்பவன்.

அங்கு அவர் கண்டது என்ன? திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து பெரிய கங்காணிமார் தம் உறவினரையும் ஊராரையும் முன்பணம் கொடுத்துத் திரட்டி வந்தனர். வழிச்செலவும் உணவும் அம்முன்பணமும் தொழிலாளியின் பேரிற் கடனாக ஏறின. தன்கீழ் வேலைக்கு வரும் தலைகளை எண்ணிக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகை செலுத்தினால் இவரை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டும். கட்டிய தொகை மீண்டும் தொழிலாளியின் கணக்கில் ஏறும். இவ்வாறு மனிதனின் பெயரோடு அவன் கடனும் தோட்டந்தோறும் பயணம் செய்தது. எழுத்தறியாத அத்தொழிலாளிக்குத் தன் கடன் எவ்வளவு என்பது தெரியாது. கங்காணியின் ஏட்டுக்கு மட்டுமே தெரியும். 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டப்படி, அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கினால் சிறைத்தண்டமும் உண்டு.

ஐரோப்பியக் கோட்பாடு முதன்முதல் இடறும் இடம் இதுவே. கார்ல் மார்க்சு வருணித்த ஆலைத் தொழிலாளி நிலமற்றவன். ஆயினும் எவர்க்கும் கட்டுப்படாதவன். தன் உழைப்பை விரும்பிய முதலாளிக்கு விற்கும் உரிமையுடையவன். இராகலைத் தோட்டத்துத் தொழிலாளிக்கு அவ்வுரிமை எங்கே? அவன் கூலி பெற்றான். ஆதலால் பழைய அடியோரில் ஒருவனல்லன். கடனாற் கட்டுண்டான், ஆதலால் ஐரோப்பியப் பொருளில் தொழிலாளியுமல்லன். அவனை அடக்கியவன் வேற்றுமொழி பேசும் துரை மட்டுமல்லன். மாமன் என்றும் அண்ணன் என்றும் அவன் அழைத்த கங்காணியுமே. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை பெறுபவனும், திருமணத்துக்குத் தாலி வாங்கக் கடன் கொடுப்பவனும், காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் வெட்டுபவனும் ஒருவனே. உறவும் சாதியும் கடனும் ஒரே கயிறாக முறுக்கப்பட்ட இந்நிலைக்கு மேனாட்டு நூல்களில் ஆயத்தமான பெயரில்லை. நடேசய்யர் முறைத்துப் பார்த்தது இக்கயிற்றையே. துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சிறைத்தண்டமும் அடுத்து நீங்கிற்று. ஆயினும் கடன் என்னும் பழக்கம் சட்டத்தோடு சாகவில்லை.

இலங்கையிலேயே தங்கிய நடேசய்யர் 1920களின் தொடக்கத்தில் ‘தேசநேசன்’ பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை மேற்கொண்டார். 1924ஆம் ஆண்டு ‘தேசபக்தன்’ தோன்றியது. ஆங்கிலத்திலும் பத்திரிகை நடத்தினார். தோட்டங்களில் நடந்த அடி, உதை, கூலிப் பிடித்தம் ஆகியவை அச்சில் ஏறின. உருசிய நாட்டுப் புரட்சி நிகழ்ந்து சில ஆண்டுகளே கழிந்த காலம் அது. தொழிலாளர் என்ற சொல்லை உரத்துச் சொன்னவர் எல்லாம் அரசாங்கத்தாருக்குப் போல்செவிக்காகத் தோன்றினர். நடேசய்யரையும் அவ்வாறே கருதிப் பொலிசார் பின்தொடர்ந்தனர். நாடுகடத்தல் வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. அவர் அஞ்சினாரல்லர்.

கொழும்பிலே அக்காலத்தில் தொழிலாளர் தலைவராய்த் திகழ்ந்தவர் ஏ. ஈ. குணசிங்கா. 1922ஆம் ஆண்டு இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பொது வேலைநிறுத்தம் நடத்தியவர் அவர். பிரித்தானியத் தொழிற்கட்சியின் முறையைப் பின்பற்றிய அச்சங்கத்தில் நடேசய்யர் உபதலைவரானார். சிங்களவர், தமிழர், மலையாளிகள், முஸ்லிம்கள் அனைவரும் தொழிலாளர் என்ற ஒரே பெயரில் ஒன்றுபட்ட காலம் அது. ஐரோப்பியக் கோட்பாடு நம் நாட்டில் மெய்யாகிவிட்டது என்று எவரும் நம்பியிருக்கலாம். ஆயினும் 1920களின் இறுதியில் வாக்குரிமை பற்றிய விவாதம் எழுந்தது. பொருளாதார நெருக்கடியும் நெருங்கியது. குணசிங்காவின் சங்கமும் அவருடைய பத்திரிகையும் இந்தியத் தொழிலாளரைப் போட்டியாளராக நோக்கத் தொடங்கின. நடேசய்யர் பிரிந்து வெளியேறினார். வகுப்பு ஒன்றாயிருப்பின் மனமும் ஒன்றாயிருக்கும் என்னும் கொள்கை, நாடு, இனம் என்னும் பாறையில் மோதி உடைந்ததை அவர் நூலிற் படித்து அறிந்தாரல்லர், பட்டு அறிந்தார்.

இதற்கிடையே 1925ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் வென்று சட்டநிரூபண சபையில் இந்தியர் பிரதிநிதியாக அவர் அமர்ந்தார். 1927ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1929இல் நடைமுறைக்கு வந்தபோது, மலைநாட்டு உயர்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் நாட்கூலியாக வகுக்கப்பட்டன. ஒரே மலையில் ஒரே மழையில் நனைந்து உழைப்போருக்குள்ளே பெண்ணின் கூலி 11 சதம் குறைந்திருந்தமையை இன்றைய வாசகர் கவனித்தல் வேண்டும். அக்கூலியும் நிலைக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை சரிய, 1930களின் தொடக்கத்தில் அது படிப்படியாக வெட்டப்பட்டது.

இந்நெருக்கடியின் நடுவே, 1931ஆம் ஆண்டு, நடேசய்யர் அட்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யும் சட்டம் இந்நாட்டில் 1935ஆம் ஆண்டிலேயே வந்தது என்பதை நினைவிற் கொண்டால், இம்முயற்சியின் துணிவு புலனாகும். கொழும்பில் இருந்து கட்டளையிடாது அட்டனில் வந்து குடியேறியமை அவர் கற்ற பாடத்தின் பயன் எனலாம். கொழும்புத் துறைமுகத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்தால் மாலையில் தன் வீட்டுக்குப் போவான். தோட்டத் தொழிலாளிக்கு வீடு ஏது? அவன் உறங்கும் லயமும், அவன் பிள்ளை படிக்கும் தோட்டப் பள்ளிக்கூடமும், மருந்து வாங்கும் இடமும், அரிசி பெறும் களஞ்சியமும் தோட்டத்துக்கே உரியவை. வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் அன்றே நடுத்தெருவில் நின்றான்; நிற்பதற்குத் தெருவும் தோட்டத்துடையது. ஆகவே ஐரோப்பிய ஆலைத் தொழிலாளியின் பெரும்படைக்கலமான வேலைநிறுத்தம், மலைநாட்டில் பிடித்தவன் கையையே அறுக்கும் வாளாயிருந்தது.

நடேசய்யர் வேறு படைக்கலங்களைத் தேடினார். தொழிலாளருக்குரிய சட்டங்களைத் தமிழில் எளிமையாக விளக்கிச் சிறு நூல்களாக்கினார். சம்பளத்தைக் கணக்குப் பார்த்து வாங்கவேண்டும் என்றும், கங்காணியின் கடனுக்கு அஞ்சவேண்டாம் என்றும் கூட்டங்களிற் பேசினார். தஞ்சையில் வணிகருக்குக் கணக்குப் பதிவு கற்பித்தவர், அட்டனில் கூலித் தொழிலாளருக்குத் தம் கணக்கைத் தாமே கேட்கக் கற்பித்தார். பெருங்கோட்பாடுகள் சொல்லாத, ஆனால் இம்மண் வேண்டி நின்ற பணி இது என்று யான் கருதுகின்றேன்.

ஈண்டு அவர் மனைவியார் மீனாட்சியம்மையைப் பற்றிக் கூறாது செல்லின் இவ்வரலாறு பாதியாகவே நிற்கும். தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறிப்போர் பெண்களே. கணவர் பேசும் கூட்டங்களிலே மீனாட்சியம்மை பாடினார். மக்கள் முன்னரே அறிந்த மெட்டுகளில் தொழிலாளரின் துயரையும் உரிமையையும் வைத்துப் பாடல்கள் இயற்றினார். அவை சிறு பிரசுரங்களாகவும் வெளிவந்தன. 1939ஆம் ஆண்டு அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியர்கள் வேலை நீக்கம் செய்யப்பட்டதையடுத்து எழுந்த கொந்தளிப்பிலே, அவர் பாட்டு மேடைதோறும் ஒலித்தது. எழுத்தறியாதார்க்குப் பத்திரிகை எட்டாது, பாட்டு எட்டும். கேட்டவர் தோட்டத்துக்குத் திரும்பியபின் அப்பாட்டு துரையின் அனுமதியின்றியே மலையேறிற்று.

இவ்விடத்தில் என் குறையொன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். என் அப்பாயி சிறுமியாயிருந்த காலத்தில் அத்தகைய கூட்டமொன்றுக்குத் தந்தையின் தோளேறிச் சென்றவர். இராகலையிலிருந்து கந்தப்பளை, நுவரெலியா வழியாக நானுஓயாவுக்குக் குறுகிய இருப்புப்பாதை ஓடிய காலம் அது. இன்று அப்பாதையின் தடம் கூடத் தேயிலைச் செடிக்குள் மறைந்துவிட்டது. வெள்ளைச் சேலை உடுத்த அம்மையொருவர் மேடையில் நின்று பாடியதையும், பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டதையும் அப்பாயி முதுமையிலும் சொல்லுவார். பாட்டையும் பாடிக் காட்டுவார். அப்போது யான் பால பண்டிதர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நன்னூற் சூத்திரங்கள் என் தலையில் நிறைந்திருந்தன. யாப்பு வழுவிய தெருப்பாட்டென்று எண்ணி அதனை எழுதிக்கொள்ளாது விட்டேன். அப்பாயி 1990களில் மறைந்தார். பாட்டும் அவரோடு போயிற்று. அது மீனாட்சியம்மையின் பாட்டா, வேறொருவர் பாட்டா என்று ஒப்புநோக்குவதற்கும் இன்று என் கையில் ஓரடி தானும் இல்லை. கிராம்சி பொன்னினும் அரிது என்று கருதிய சுவடு என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்திருந்தது. யான் கதவைச் சாத்திக்கொண்டு இலக்கணம் படித்தேன்.

நடேசய்யரின் தமிழ்ப்பணியைப் பண்டித உலகம் போற்றாது விட்டமைக்கும் இம்மனப்போக்கே காரணம். 1931ஆம் ஆண்டு வெளியான ‘நீ மயங்குவதேன்?’ என்னும் கட்டுரை நூல், 1937ஆம் ஆண்டின் ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்’, 1947ஆம் ஆண்டின் ‘வெற்றியுனதே’ ஆகியன அவர் எழுதியவற்றுட் சில. இராமசாமி சேர்வை என்னும் தொழிலாளியின் சரிதமாக அவர் எழுதிய கதையை மலையகச் சிறுகதையின் முன்னோடியாக ஆய்வாளர் கொள்வர். அவர் வசனம் நேரானது, மேடையிலிருந்து ஏட்டுக்கு இறங்கி வந்தது, அணிகளை நாடாதது. பள்ளு நூல்களிலே உழவுத் தொழிலாளர் வருகின்றனர். பண்ணைக்காரனை எள்ளியும் நகையாடுகின்றனர். ஆயினும் அவர்கள் புலவர் வகுத்த எல்லைக்குள் நின்றே ஆடுகின்றனர். நடேசய்யரின் நாடகத்தில் வரும் தொழிலாளி பொழுதுபோக்குக்குரிய பாத்திரமல்லன். தன் பிழைப்பு ஏன் அந்தரத்திற் தொங்குகிறது என்று கேட்கும் மனிதன். வினைவலர் புறத்திலிருந்து நடுவிடத்துக்கு வந்த வரலாற்றில் இந்நூல்களுக்குரிய இடத்தை நாம் இன்னும் வழங்கவில்லை. சாரல் நாடன் பல்லாண்டு தேடித் தொகுத்து எழுதியிராவிடின் இவற்றின் பெயர்களும் நமக்குக் கிடைத்திரா.

1936ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் அட்டன் தொகுதி மக்கள் நடேசய்யரைத் தெரிந்தெடுத்தனர். 1931ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலிருந்த சர்வசன வாக்குரிமை, இந்தியத் தொழிலாளரைப் பொறுத்தவரை வதிவிடம் பற்றிய நிபந்தனைகளாற் சுருக்கப்பட்டிருந்தது. கிராமச் சபைத் தேர்தல்களில் அவர்களுக்கு இடமில்லாது செய்யும் திருத்தமும் 1930களின் பிற்பகுதியில் வந்தது. இவற்றையெல்லாம் சபையில் எதிர்த்து நின்றவர்களுள் அவர் முதன்மையானவர்.

ஆயினும் காலம் அவரைத் தாண்டிச் சென்றது. 1939ஆம் ஆண்டு சவகர்லால் நேரு வந்து சென்றபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கம் எழுந்தது. இடதுசாரிகளும் தோட்டங்களுக்குள் வந்தனர். 1940ஆம் ஆண்டு சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். அவ்வாண்டு மலைநாடெங்கும் வேலைநிறுத்த அலை எழுந்தது. முன்னர் வாளைப் பிடித்தவன் கையையே அறுத்த படைக்கலத்தைத் தொழிலாளர் தாமே துணிந்து ஏந்தினர். அதற்குரிய நிலத்தைப் பத்தாண்டு முன்னரே உழுதவர் நடேசய்யர்; அறுவடையோ பிறருடையதாயிற்று. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது; நடேசய்யர் புதிய நாடாளுமன்றத்தில் இல்லை. அவ்வாண்டு நவம்பரில் அவர் காலமானார்.

அவர் மறைந்து ஓராண்டு முடியுமுன்னரே சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 7,80,000 பேராக எண்ணப்பட்ட இந்தியத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர், வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். துண்டு முறையில் பெயரோடு கடன் பயணம் செய்ததுபோல, ஒப்பந்த முறையில் மனிதர் எண்ணிக்கையாகப் பயணம் செய்தனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே முடிவான வழி திறந்தது. குணசிங்காவை விட்டுப் பிரிந்த நாளில் நடேசய்யர் கண்ட பாறை எவ்வளவு பெரியது என்பதை அவர் காணாத இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகள் காட்டின.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஐரோப்பியக் கோட்பாட்டை வைத்து நடேசய்யரை அளந்தால் சில உண்மைகள் கூர்மையாகத் தெரிகின்றன. அவர் கற்றவர், உயர்குடிப் பிறந்தார், பத்திரிகை ஆசிரியர், சபை உறுப்பினர். அவர் தொழிலாளருக்காகப் பேசினார், தொழிலாளராய்ப் பேசினாரல்லர். அரசாங்க ஆவணங்களைப் புரட்டினால் அவர் பெயர் பக்கந்தோறும் கிடைக்கின்றது. அட்டனுக்கு நடந்து வந்து, திரும்பிப் போய், வேலை இழந்த தொழிலாளியின் பெயர் கிடைக்கவில்லை. சம்மேளனம் அவர் ஒருவரின் ஆற்றலைத் தாங்கி நின்றது; அவர் தளர்ந்தபோது அதுவும் தளர்ந்தது. அடித்தள மக்கள் பேச முடியுமா என்று 1988ஆம் ஆண்டு காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவாக் எழுப்பிய வினா, நடேசய்யரை நேசிப்போரையும் சுடவே செய்யும். இக்குறைகளைக் காட்டியதற்காக நாம் மேனாட்டுக் கோட்பாட்டுக்கு நன்றி கூறலாம்.

ஆயின் அக்கோட்பாடு தனித்துக் காண முடியாதனவும் உள. மாமன் என்று அழைக்கப்பட்ட கங்காணியை அது தானாகக் காணாது. வீடும் வேலையும் ஒருவனுடையதாயிருக்கும் லயத்தை அது காணாது. கடல் கடந்து வந்தமையால் வகுப்பிலும் கீழாய், நாட்டிலும் அயலாராய் நின்ற இரட்டைப் புறநிலையை அது காணாது. வங்காளத்துச் சணல் ஆலைத் தொழிலாளரை ஆராய்ந்த தீபேஷ் சக்கரவர்த்தி 1989ஆம் ஆண்டு எழுதிய நூலிலே, ஐரோப்பியத் தொழிலாளியின் அளவுகோல் அங்கு ஏன் முழுதும் பொருந்தவில்லை என்பதைச் சர்தார் என்னும் மேற்பார்வையாளனை வைத்தும் விளக்கினார். சர்தார் நமக்கு அயலானல்லன். நம் கங்காணியின் உடன்பிறந்தானே. ஆகவே கோட்பாட்டை ஏற்பதா தள்ளுவதா என்பதன்று கேள்வி. அளவுகோலை வாங்கிக்கொள்ளலாம், அளவுக் குறிகளை மட்டும் இம்மண்ணிற் பொறித்தல் வேண்டும். புத்தகத்திலிருந்தும் பட்டணத்திலிருந்தும் தொடங்கி, லயத்து வாசலில் அக்கோலைத் திருத்திக் கொண்டமையே நடேசய்யரின் பெருமை என்று யான் துணிகின்றேன்.

2023ஆம் ஆண்டு மலையகத் தமிழரின் இருநூறாம் ஆண்டு நினைவாக, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். அந்நடையை நாம் போற்றினோம். முன்னோர் நடந்த வழியை அறிந்தோம்; அவர்கள் வழியிற் பாடியதை அறிந்தோமா? எங்கள் பகுதித் தோட்டங்களிலே எண்பதும் தொண்ணூறும் கடந்த மூதாட்டியர் இன்னும் சிலர் உளர். தாலாட்டும் ஒப்பாரியும், கங்காணியை ஏசிய பாட்டும், தம் தாய்மார் கேட்டுச் சொன்ன கூட்டங்களின் செய்தியும் அவர்கள் நெஞ்சில் உண்டு. அவற்றை அச்சில் ஏற்றிய பின்னரே தொல்காப்பியப் பாடம் நடத்துவேன் என்று யான் சபதம் செய்யவில்லை; இரண்டையும் ஒருங்கே செய்வேன். வினா எழுப்பிய அம்மாணவியும் அவள் தோழியர் நால்வரும் சனிக்கிழமைதோறும் லயம் லயமாகச் சென்று எழுதி வருகின்றனர். யாப்புப் பிழையைத் திருத்தலாகாது என்பது யான் அவர்களுக்கு இட்ட ஒரே விதி. ஆசிரியப் பெருமக்களும் மாணவ அன்பர்களும் தத்தம் ஊர்களில் இப்பணியை மேற்கொள்வாராக. நடேசய்யருக்கும் மீனாட்சியம்மைக்கும் நாம் எடுக்கத்தக்க நினைவுச்சின்னம் அதுவே.